பேரை நான் சொல்லவே இல்லை

ஆளு வருதாம்மா இந்த சீட்டுக்கு? வரலையா? அப்பாடா. கொஞ்சம் தள்ளிக்கோங்க, நான் ஜன்னல் ஓரமா போயிடறேன். இந்த மினி பஸ் வெள்ளாம்பட்டி போகும்ல? எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்? மூணே முக்காலா? நாலுக்குள்ள போயிரும்ல? ஏன்னா நாலு மணிக்கு நான் அங்க நிக்கணும். நின்னே ஆகணும்.

மூச்சு வாங்குது பாருங்க. ஸ்கூல்ல இருந்து ஓட்டமும் நடையுமா வந்தேன். அரை நாள் லீவு. எதுக்குன்னு கேட்டாங்க எச்.எம். பல்லு வலின்னு சொல்லிட்டேன். முப்பது வருஷ சர்வீஸ்ல பொய் சொல்லி லீவு போட்டது இதுதான் முதல் தடவை. டவுன்ல கேர்ள்ஸ் ஸ்கூல் இருக்குல்ல, அங்க சயின்ஸ் டீச்சர் நான். தவமணி டீச்சர்னு கேட்டா யாரும் சொல்வாங்க. என்ன, பேரைக் கேட்டதும் இப்படிப் பாக்குறீங்க? உங்க பிள்ளை எங்கிட்ட படிச்சுதா? இல்லையா. சரி, சரி.

மடியில என்ன, லைனிங் துணியா? நல்ல சிவப்பு. கல்யாண ஜாக்கெட்டுக்கா? இந்தக் கல்யாணம்கிற பேச்சைக் கேட்டாலே நான் இப்ப எழுந்து போயிடறேம்மா. ஏன்னு கேக்க மாட்டேங்கிறீங்க. கேட்டாலும் சொல்லக் கூடாத விஷயம். மூணு வாரமா நெஞ்சுக்குள்ளயே வெச்சுக்கிட்டுத் திரியறேன். வீட்ல அவர்கிட்ட சொன்னா, உனக்கு எதுக்கு இந்த வேலைன்னு ஒரே வார்த்தையில முடிச்சுருவாரு. நீங்க முன்னப்பின்ன தெரியாதவங்க. உங்ககிட்ட சொல்றதுல என்ன வந்துரப் போகுது?

ஜூன் மாசம் மேலிடத்துல இருந்து ஒரு உத்தரவு வந்துச்சு. பிள்ளைங்களுக்கு ஒரு கஷ்டம்னா டீச்சர்கிட்ட சொல்ல மாட்டாங்க, கூடப் படிக்கிற பிள்ளைகிட்டதான் சொல்வாங்க. அதனால பிள்ளைங்கள்லயே சிலரைத் தேர்ந்தெடுத்து, அதுகளுக்குப் பயிற்சி குடுத்து, மத்த பிள்ளைங்களுக்குத் துணையா இருக்க வைங்கன்னு. தோழித் திட்டம்னு பேரு. யார் பொறுப்பு எடுத்துக்கறீங்கன்னு எச்.எம். கேட்டாங்க. தமிழ் டீச்சருக்கு முழங்கால் வலி. பி.டி. டீச்சருக்கு ஸ்போர்ட்ஸ். கணக்கு டீச்சர் தலையைக் குனிஞ்சவங்க நிமிரவே இல்ல. கடைசியில எல்லாருமாச் சேர்ந்து, தவமணி டீச்சர் பாத்துக்குவாங்கன்னு என் தலையில கட்டிட்டாங்க.

பாத்தேம்மா. நல்லாவே பாத்தேன். அதையாவது நீங்க ஒத்துக்கணும்.

வகுப்புக்கு ரெண்டு பேர், மொத்தம் இருபத்திநாலு பேர். மஞ்சள் ரிப்பன்ல பூ மாதிரி சுருட்டி, நடுவுல தோழின்னு எழுதி, இருபத்திநாலு பேட்ஜையும் நானே வீட்ல உக்காந்து பண்ணேன். சனிக்கிழமை காலையில லேப்ல பயிற்சி. நான்தான் அழுற பிள்ளையா நடிப்பேன். எலும்புக்கூடு தொங்கும்ல லேப்ல, அது பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, முந்தானையால மூக்கைச் சிந்திக்கிட்டு அழுவேன். ஒவ்வொருத்தியா வந்து எங்கிட்ட பேசணும். ஒருத்தி வருவா, அழாத, எல்லாம் சரியாயிரும்பா. சரியாயிரும்னு சொல்ல நீ யாருடி, ஜோசியக்காரியான்னு கேப்பேன். இன்னொருத்தி வருவா, அய்யய்யோ அப்படியா நடந்துச்சுன்னு வாயைப் பொளப்பா. அதுவும் தப்பு. சும்மா கேக்கணும். குறுக்க பேசக் கூடாது. முகத்துல ஒண்ணும் காட்டக் கூடாது. இப்ப நீங்க கேக்குறீங்க பாருங்க, இதே மாதிரி. நீங்க நல்லா கேக்குறீங்கம்மா. எங்க பயிற்சி வாங்கினவங்க மாதிரியே இருக்கு.

என்னம்மா சொல்ல வந்தீங்க? இருங்க, இதை முடிச்சுக்கறேன்.

மூணே மூணு விதி. ஒண்ணு, கேளு. ரெண்டு, கேட்டதை வெளிய விடாதே. மூணு, உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா என்கிட்ட மட்டும் சொல்லு. காது திறந்திருக்கட்டும், வாய் பூட்டியிருக்கட்டும்னு சார்ட்டுல எழுதி லேப் சுவத்துல ஒட்டினேன். நானே யோசிச்ச வாசகம். இப்பவும் அங்க ஒட்டியிருக்கு.

முதல் வாரமே ஒரு கூத்து. ஆறாம் வகுப்புக்குப் போறேன், போர்டுல கொட்டை எழுத்துல 'அழுதவர்கள்'னு தலைப்பு. கீழ மூணு பேரோட பேரு. ஒரு பேருக்குப் பக்கத்துல ரெண்டு பெருக்கல் குறி. அவ ரெண்டு தடவை அழுதாளாம்! எனக்குத் தலை சுத்திருச்சு. அந்த வகுப்புத் தோழிங்க ரெண்டு பேர்ல ஒண்ணு பூமாரின்னு ஒரு வாண்டு. ஏண்டி, அழுறது என்ன குத்தமா? ஒருத்தியோட சங்கடத்தைக் கொண்டுபோய் போர்டுல போடுவியான்னு போட்டேன் ஒரு சத்தம். அது சொல்லுது, பேசினவங்க பேரை எழுதிவைன்னு நீங்கதான டீச்சர் சொல்வீங்க, அதான் இதையும் எழுதினேன். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோவம் ஒரு பக்கம். அழிடின்னேன். டஸ்டரை எடுத்து எட்டாத உசரத்துக்குக் குதிச்சுக் குதிச்சு அழிச்சுச்சு. இதை எல்லா ஸ்டாஃப்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். என்ன பிள்ளைங்க, ஒரு ரகசியம் காக்கத் தெரியல பாருங்கன்னு.

மணி என்னம்மா? மூணு பத்தா? ஏன் இந்த டிரைவர் இப்படி உருட்டுறான்? இந்த ஸ்டாப்புல யாருக்காக நிக்கிறான்? அந்தம்மா இன்னும் டீக்கடையில நிக்குது, அது வந்து ஏறி, தூக்குவாளியை வெச்சு… போங்கப்பா, போங்க.

பத்தாம் வகுப்பு பி பிரிவு. அங்கதான் காளீஸ்வரி. சொல்றேன் அவளைப் பத்தி. முதல்ல அந்த வகுப்புக்கு நான் போட்ட ரெண்டு தோழியில ஒருத்தி ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்குற பிள்ளை. ஒரு மாசமாகியும் ஒருத்தி அவகிட்ட போகல. எல்லாம் கடைசி பெஞ்சுக்குப் போகுதுங்க. அங்க காளீஸ்வரி உக்காந்திருக்கா. அம்மா மார்க்கெட்ல தக்காளி விக்கிறவங்க. காலையில கடை போட்டுக் குடுத்துட்டு வர்றதால தினம் லேட்டு. மார்க்கு சுமார்தான். ஆனா எவளாவது பக்கத்துல வந்து உக்காந்தா, சடை நுனியை வாயில கடிச்சுக்கிட்டு அப்படியே கேட்டுக்கிட்டே இருப்பா. அதனால பேட்ஜை அவளுக்கு மாத்திக் குத்தினேன். கண்டுபிடிச்சது யாரு? நான்தான்.

ஒரே ஒரு குறை. நான் எல்லாத் தோழிக்கும் ஒரு நோட்டு குடுத்திருந்தேன், யார் வந்தா, என்ன பிரச்சனைன்னு எழுதிவைக்க. மாசக் கடைசியில பாத்தா அவ நோட்டு மட்டும் வெள்ளையா இருக்கும். ஏண்டி எழுதலன்னா, எழுதினா யாராவது படிப்பாங்கள்ல டீச்சர்ங்கிறா. என்னைத் தவிர யாருடி படிக்கப் போறான்னேன். நோட்டை மூடி எங்கிட்டயே நீட்டினா.

அவதான் ஐப்பசி ஆரம்பத்துல ஒருநாள் சாயங்காலம் லேப்புக்கு வந்தா. கதவைச் சாத்தினா. சத்தியம் பண்ணுங்க டீச்சர், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு. என் மகன் மேல சத்தியம்டின்னேன். அப்புறம்தான் சொன்னா. அவ வகுப்புல கிருஷ்ணவேணின்னு ஒரு பிள்ளை… ஐயோ, பேரைச் சொல்லிட்டேன். பரவாயில்ல, நீங்க யார்கிட்ட போய்ச் சொல்லப் போறீங்க? வேணி, வேணின்னு கூப்பிடுவோம். பதினஞ்சு வயசு. வெள்ளாம்பட்டிதான். அவ அப்பா மாமன் வீட்டுக்கு வாக்குக் குடுத்துட்டாரு, தை மாசம் கல்யாணம்…

ஏம்மா, கண்டக்டரை எதுக்குக் கூப்பிடுறீங்க? பாட்டைச் சத்தமா வைக்கச் சொல்றீங்களா? நல்லா இருக்கே! நான் இங்க தொண்டை கிழியப் பேசிக்கிட்டு இருக்கேன், உங்களுக்குப் பாட்டு கேக்குது. பாருங்க, காதைக் கிழிக்குது இப்ப. கிட்ட வாங்க, கத்த முடியாது என்னால.

அந்த வேணி என்ன கேட்டான்னா, ரெண்டு மாசம் யாருக்கும் தெரியக் கூடாது, அவ்வளவுதான். அவ அண்ணன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். அவன் ஒருத்தன் சொன்னாத்தான் அப்பா கேப்பாரு. அவன் கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வர்றான். வந்ததும் அவன்கிட்ட சொல்லி, அவனையே கூட்டிக்கிட்டுப் போய் ஆபீஸர்கிட்ட மனு குடுக்கறது. அதுவரைக்கும் அப்பா காதுக்குப் போச்சுன்னா, இவளை மாமன் ஊருக்கு ஏத்தி அனுப்பி ஒரு வாரத்துல தாலியைக் கட்டிருவாங்க. இவ்வளவையும் காளீஸ்வரி எங்கிட்ட மூச்சு விடாம சொன்னா. நான் குறுக்க பேசவே இல்ல. அன்னிக்கு நான் கேட்டது பூரா விதிப்படி.

அப்புறம்தான் திட்டத்தைப் பார்வையிட ஒரு குழு வந்துச்சு.

மெட்ராஸ்ல இருந்து பெரிய ஆபீஸர், கூட நாலு பேர். மாவட்டத்துலயே எங்க ஸ்கூல்லதான் திட்டம் நல்லா நடக்குதாம். யாரால? சொல்லுங்க. காலை பிரேயர்ல ரெண்டு நிமிஷம் பேசச் சொன்னாங்க என்னை. பேப்பர்ல எழுதித்தான் வெச்சிருந்தேன். எத்தனை தோழி, எத்தனை பயிற்சின்னு. படிச்சு முடிச்சேன். இறங்கப் போறேன். ஆபீஸர் சிரிச்சுக்கிட்டே, நல்லது டீச்சர், இதனால பலன் கிடைச்சதுக்கு ஒரு உதாரணம் சொல்லுங்களேன்னாரு. எழுநூறு பிள்ளைங்க நிக்குது. மைக் கையில இருக்கு. எச்.எம். என்னையே பாக்குறாங்க. ஒண்ணுமில்ல சார்னா சொல்வேன்? நீங்களா இருந்தா சொல்வீங்களா?

நான் பேரைச் சொல்லல. அதை மட்டும் நல்லாக் கேட்டுக்கோங்க. பேரை நான் சொல்லவே இல்ல. எங்க பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தின்னுதான் ஆரம்பிச்சேன். காலையில முதல் மினி பஸ்ல வர்ற பிள்ளை. அப்பா வெல்டிங் பட்டறை வெச்சிருக்காரு. தை மாசம் கல்யாணம்னு பேசி முடிச்சுட்டாங்க. எங்க தோழி மூலமா விஷயம் எனக்கு வந்துருச்சு, நாங்க விடமாட்டோம்னேன். இவ்வளவுதான். கைதட்டினாங்க. அந்த ஆபீஸர் நோட்டுல எழுதிக்கிட்டாரு.

அப்பத்தான் பாத்தேன். பிள்ளைங்க எல்லாம் ஒரே பக்கமாத் திரும்புதுங்க. முன்வரிசையில இருக்கிற ஆறாம் வகுப்பு வாண்டு முதக்கொண்டு, அத்தனை தலையும் பத்தாம் வகுப்பு வரிசைப் பக்கம். வேணி கொடிக்கம்பத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறா. கண்ணு கூட இமைக்கல. அவளுக்குப் பின்னாடி காளீஸ்வரி. அவ மட்டும் என்னைப் பாத்தா.

அந்தப் பிள்ளைங்க ஏம்மா திரும்பணும்? நான் பேரைச் சொன்னேனா? முதல் பஸ்ல வர்றவங்க எத்தனையோ பேர். சரி, பத்தாவதுல மூணு பேர். வெல்டிங் பட்டறை ஒருத்தர்தான், ஒத்துக்கறேன். ஆனா திரும்பினது அதுங்கதான?

உங்க முகம் ஏன் இப்படி ஆயிருச்சு? குடிக்கத் தண்ணி வேணுமா? எங்கிட்ட பாட்டில் இருக்கு. வேணாமா.

அன்னிக்குச் சாயங்காலமே வெள்ளாம்பட்டியில விஷயம் தெரிஞ்சுருச்சு. மறுநாள் வேணி வரல. அதுக்கு மறுநாளும் வரல. மூணாம் நாள் அவ அப்பா வந்தாரு, டி.சி. குடுங்கன்னு. எச்.எம். நாளைக்கு வாங்க, மறுநாள் வாங்கன்னு இழுத்தடிச்சாங்க, அதுவரைக்கும் புண்ணியம். அந்த மனுஷன் வராண்டாவுல என்னைப் பாத்துட்டாரு. மைக்குல எங்க குடும்பத்தை ஏலம் போட்ட டீச்சர் நீதானான்னு கேட்டாரு. ஏலம்னு! உன் முகத்தை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்னாரு. கல்யாணத்தை தையில இருந்து கார்த்திகைக்கு இழுத்துட்டாங்க. வர்ற புதன்கிழமை முகூர்த்தம். அவ என்ன பயந்தாளோ அது அப்படியே நடக்குது.

அந்த வாரம் சனிக்கிழமை பயிற்சிக்கு லேப்பைத் திறக்கிறேன், ஒரு பிள்ளையும் வரல. என் மேசை மேல ஒரு ஜாமெட்ரி பாக்ஸ். திறந்து பாத்தா உள்ள மஞ்சள் ரிப்பன். எண்ணிப் பாத்தேன், இருபத்திநாலும் இருக்கு. என் கையால சுருட்டின ரிப்பன். பூமாரியோடது கூட இருந்துச்சு, அதுல மட்டும் ஊக்கு வளைஞ்சிருந்துச்சு.

திங்கக்கிழமை காளீஸ்வரியைக் கூப்பிட்டேன். என்னடி இது, ஸ்டிரைக்கான்னேன். இல்ல டீச்சர்னா. அப்புறம் ஏன்னேன். மெதுவாத்தான் சொன்னா. பூமாரி போர்டுல எழுதினதை அழிக்கச் சொன்னீங்க, அவ அழிச்சுட்டா. நீங்க எழுதினதை எதை வெச்சு டீச்சர் அழிக்கறது?

என்ன திமிரு பாத்தீங்களா! முப்பது வருஷம் வாத்தியார் வேலை பாத்தவகிட்ட, நேத்துப் பொறந்தது. போடி வெளியன்னு கத்திட்டேன். போயிட்டா. அதுக்கப்புறம் மூணு நாள் எனக்குச் சோறு இறங்கலம்மா. தட்டுல கையை வெச்சா அந்தக் கொடிக்கம்பம்தான் கண்ணுல வருது. நான் பேரைச் சொல்லல, சொல்லலன்னு எனக்கு நானே சொல்லிக்கறேன். அப்படிச் சொல்லச் சொல்ல, சொன்ன மாதிரியே இருக்கு.

எச்.எம்.கிட்ட போய் நின்னேன், மேடம், நாம புகார் குடுப்போம்னு. பெரிய ஆபீஸர் முன்னாடி ஸ்கூல் பேரு நல்லா இருக்கு, நீங்க அதைக் கிளறாதீங்கன்னாங்க. நான் என்ன பண்ணட்டும்?

வந்துட்டேன், விஷயத்துக்கு வந்துட்டேன். இன்னிக்கு மத்தியானம். சாப்பாட்டு நேரம். லேப்ல உள்ள நான் பீக்கர் கழுவிக்கிட்டு இருக்கேன், ஜன்னலுக்கு வெளிய மரத்தடியில பிள்ளைங்க பேசுதுங்க. காளீஸ்வரி குரல். அதுங்களா யாருக்கும் தெரியாம எல்லா ஏற்பாடும் பண்ணியிருக்குதுங்க. அவ அம்மா போன்ல இருந்து குழந்தைங்க ஹெல்ப்லைனுக்கு அடிச்சுப் பேசியிருக்கா. அண்ணனுக்கும் அடிச்சு வரவழைச்சுட்டா. நாலு மணிக்கு வெள்ளாம்பட்டி ஸ்டாப்பு பக்கத்துல வேணி தயாரா இருப்பா, அண்ணன் இருப்பான், ஜீப் வந்துரும், அதுல லேடி போலீஸும் இருப்பாங்கன்னா. அதுல ஒருத்தி கேட்டா, தவமணி டீச்சர்கிட்ட சொல்லிருவோமான்னு. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். காளீஸ்வரி சொன்னா, வேணாம்.

ஒரே வார்த்தை. வேணாம். கையில இருந்த பீக்கர் நழுவித் தொட்டியில விழுந்து உடைஞ்சுருச்சு.

பயிற்சி குடுத்தது யாரும்மா? கேக்கச் சொல்லிக் குடுத்தது யாரு, ஆபத்துன்னா என்ன பண்ணணும்னு சொல்லிக் குடுத்தது யாரு? இன்னிக்கு இதுங்களாவே ஜீப்பு வரைக்கும் வரவழைச்சிருக்குதுங்கன்னா எனக்குப் பெருமையா இல்லையா? இருக்கு. அதான் கிளம்பிட்டேன். ஜீப் வரும்போது நான் அங்க நிக்கணும். வேணி கண்ணுல முதல்ல நான் படணும். டீச்சர்னு ஓடி வரணும் அவ. வந்தா, அவ கையைப் பிடிச்சு, அம்மாடி, நான் வேணும்னு பண்ணலடின்னு சொல்லணும். சொன்னாத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும்.

இப்ப புரிஞ்சுதா, ஏன் நாலு மணின்னு? நாலு மணிக்கு ஜீப் வருது, அங்க…

ஏம்மா, கையை ஏன் இப்படி அழுத்துறீங்க? வலிக்குது. என்ன? பாட்டுச் சத்தத்துல கேக்கல. வாயை மூடுங்கவா? என்னைப் பாத்தா…

என்ன சொன்னீங்க?

இந்த பஸ்ல பாதிப் பேரு அந்தக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வாங்கினவங்களா? யாரு, அந்தத் தூக்குவாளி அம்மாவா? மாப்பிள்ளைக்கு அத்தையா? கடவுளே. அதுக்காகவா பாட்டைச் சத்தமா வைக்கச் சொன்னீங்க? நான் என்னமோ… கேட்டிருக்குமா அதுக்கு? திரும்பிப் பாக்காதீங்கங்கிறீங்க. பாக்கல. பாக்கல. நீங்க பாத்துச் சொல்லுங்க. தூங்குதா? நிஜமாத் தூங்குதா? வாயைத் திறந்துக்கிட்டா? அப்படின்னா தூக்கம்தான்.

நீங்க யாரு?

டெய்லரா? வெள்ளாம்பட்டி டெய்லரா நீங்க? அப்ப இந்தச் சிவப்பு லைனிங் வேணியோட ஜாக்கெட்டுக்கா? ஓ. உங்க கடைக்குத்தான் நாலு மணிக்கு வர்றாளா. அளவு பாக்கணும்னு நீங்க சொல்லி அனுப்பினதாலதான் வீட்ல விடறாங்களா. காளீஸ்வரி உங்களைத் தேடி வந்து கேட்டாளா? எப்ப? மார்க்கெட்ல வெச்சா? நீங்களும் உடனே சரின்னுட்டீங்களா? ஊருக்குள்ள இருந்துக்கிட்டு, நாளைக்கு உங்க கடைக் கதவைத் தட்ட மாட்டாங்களா?

என்னது, உங்களுக்கும் பதினஞ்சுலயா?

இந்தப் பைக்குள்ள என்ன? லைனிங்குக்குக் கீழ? காட்டாதீங்க, காட்டாதீங்க, தெரிஞ்சுருச்சு. எங்க ஸ்கூல் யூனிபார்ம். அந்தக் கட்டம் எனக்குத் தெரியாதா? காளீஸ்வரியோடது. அவகிட்ட இருக்கிறதே ரெண்டு செட்டு. வேணியோடதை வீட்ல எடுத்து ஒளிச்சு வெச்சுட்டாங்கன்னு அவ ஒண்ணைக் குடுத்து விட்டிருக்காளா. வேற ஏதாவது குடுத்து விட்டாளா? எனக்கு? இல்ல, சும்மா கேட்டேன். நான் வருவேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்.

தெரியுமா? என்ன சொன்னா? சொல்லுங்கம்மா, மறைக்காதீங்க. ஒருவேளை தவமணி டீச்சர் பின்னாடியே வந்தாங்கன்னா, எப்படியாவது அவங்களை ஸ்டாப்புல இறங்க விடாதீங்க. அப்படியா சொன்னா? கோவமாச் சொன்னாளா? இல்லையா? அழுதுக்கிட்டா?

முடியாது. நான் இறங்குவேன். எனக்கு அந்தப் பிள்ளையைப் பாக்கணும். நான் என்ன, ஓரமாத்தான் நிக்கப் போறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன்…

அவ அப்பா எங்க இருப்பாரு இந்நேரம்? ஸ்டாப்புக்கு எதிர்லயே பட்டறையா. வாசல்லயேதான் உக்காந்திருப்பாரா. என் முகத்தைப் பாத்தா…

ஆமா. பாத்தாப் போதும். வேற ஒண்ணும் வேணாம். உன் முகத்தை மறக்க மாட்டேன்னு சொன்னாரு. நான் இறங்கினேன்னா, எதுக்கு வந்திருக்கான்னு சந்தேகப்பட்டு அடுத்த நிமிஷம் வேணியை உள்ள இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்திருவாரு. இல்ல, பைக்ல ஏத்திக்கிட்டு மாமன் ஊருக்குப் போயிருவாரு. ஜீப் வந்து காலிக் கடையைத்தான் பாக்கும். ஐயோ, மறுபடியும் நான்தான் பண்ணியிருப்பேன். பல்லு வலின்னு லீவு போட்டுட்டு வந்து பண்ணியிருப்பேன்.

காளீஸ்வரி வேணாம்னு சொன்னது சரிதாம்மா. நான் அன்னிக்கு உதாரணம் கேட்டதும் மைக்கைக் கீழ வெச்சிருக்கணும். ஒண்ணுமில்ல சார்னு ஒரு வார்த்தை. என் பெருமைக்காக அந்தப் பிள்ளையை எடுத்து விட்டுட்டேன். பேரைச் சொல்லலன்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன், வெக்கமில்லாம. எல்லாத்தையும் சொல்லிட்டு பேரை மட்டும் வெச்சுக்கிட்டா என்ன, வெச்சுக்காட்டா என்ன? இப்ப உங்ககிட்ட அதையும் சொல்லிட்டேன். நீங்க வேற யாராவது இருந்திருந்தா?

ஊர் வந்துருச்சா? உருட்டி உருட்டி மணி நாலாக்கிட்டான். அதோ, வெல்டிங் வெளிச்சம் தெரியுது. அவர்தான். அந்த ஆளேதான், வாசல்ல உக்காந்திருக்காரு. நான் குனிஞ்சுக்கறேன். முந்தானையைத் தலையில போட்டுக்கறேன், போதுமா? தெரியலையே? நீங்க இறங்குங்க. பையை நல்லாப் பிடிச்சுக்கோங்க, அந்தக் கட்டம் வெளிய தெரியுது, உள்ள தள்ளுங்க. அந்தத் தூக்குவாளி இறங்கட்டும் முதல்ல.

வேணி வந்துட்டாளா உங்க கடை வாசலுக்கு? பச்சைத் தாவணியா? நான் பாக்க மாட்டேன். நிமிர்ந்தா அவ பாத்துருவா. பாத்தா டீச்சர்னு கூப்பிட்டாலும் கூப்பிட்டுருவா. அவகிட்ட நான் வந்தேன்னு சொல்லாதீங்க. ஒண்ணும் சொல்லாதீங்க. போங்க, போங்கம்மா.

கண்டக்டர் தம்பி. இல்லப்பா, நான் இறங்கல. தூங்கல, சும்மா தலைவலி. வெள்ளாம்பட்டின்னுதான் வாங்கினேன், மனசு மாறிருச்சு. கடைசி ஸ்டாப்பு எது? மேலக்கரையா? மேலக்கரைக்கு ஒண்ணு குடு. அங்க எனக்கு என்ன வேலையா? ஒரு வேலையும் இல்ல. திரும்பி இதே பஸ்லதான் வரப்போறேன். கிளம்பச் சொல்லுப்பா, ஏன் நிக்கிறீங்க? எதிர்ல ஜீப்பு வருதா? அப்ப ஒதுங்கிக்கச் சொல்லு டிரைவரை. நல்லா ஓரமா ஒதுங்கச் சொல்லு, அது போகட்டும்.

எந்த ஆபீஸ் ஜீப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியாது. கண்ணுல தூசி விழுந்துருச்சு, அவ்வளவுதான், நான் எதுக்கு அழுறேன்.

இந்த ஊர்ல யாரைப் பாக்க வந்தேனா? பேரைச் சொன்னா வீட்டைக் காட்டுவியா?

யாரையும் இல்லப்பா. எனக்கு இந்த ஊர்ல ஒருத்தரையும் தெரியாது.